அடுக்களைச் சுவர் ரேடியோவும் என் கையெழுத்தும்

ஹைதராபாத் கச்சிபௌலியில் நான் கடைசியாக வேலை பார்த்த கம்பெனியை மறுபடியும் கைமாற்றிவிட்டார்கள். போன வாரம் அங்கிருந்து ஓர் இளம் எஞ்சினீயர் போன் செய்தார். "சார், புது மேனேஜ்மென்ட் ஒரு சாவனீர் போடுறாங்க. நீங்கதான் சீனியர். உங்க எக்ஸ்பீரியன்ஸ் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும்" என்று தெலுங்கில் சொன்னார். புது மேனேஜ்மென்ட் யார் என்று கேட்டேன். "அது இன்னும் அனௌன்ஸ் பண்ணல சார்" என்றார். சம்பளம் கொடுப்பவர் யாரென்று தெரியாமலே சம்பளம் வாங்குவது அந்த இடத்தின் பழக்கம். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

கேட்டபடியே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். டீம் ஸ்பிரிட், கற்றுக்கொண்ட பாடங்கள், நன்றி, வணக்கம் எல்லாம் அதில் இருக்கின்றன. அதில் எழுதாததை இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுதினால் அந்த அலுவலகத்தில் ஒருவராலும் படிக்க முடியாது. தார்நாகாவில் என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் என் மகளாலும் முடியாது. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறவள் அவள். இதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். இந்தக் கதையில் நான் செய்த மற்ற காரியங்களோடு அதுவும் பொருந்தித்தான் போகிறது.

என் பெயர் சங்கரன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஹைதராபாத்துக்கு வந்து, ஒலிபரப்புக் கருவிகள் செய்யும் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். அங்கே ஆட்குறைப்பு வந்தபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். அப்போது கச்சிபௌலியில் ஒரு ரஷ்யக் கம்பெனி அலுவலகம் திறந்து, ஒலிபரப்பு தெரிந்த ஆள் தேடிக்கொண்டிருந்தது. எடுத்தவுடன் மூன்று மாதம் ரஷ்யாவின் வடக்கே ஒரு நகரத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். குளிரும் உருளைக்கிழங்கும் தவிர அதைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொஞ்சம் ரஷ்ய வார்த்தைகள் கற்றுக்கொண்டேன். ஆமாம், இல்லை, தெரியாது, பொறுங்கள், எண்கள், வணக்கம், தண்ணீர், வேலை செய்யவில்லை. எங்கள் தொழிலுக்கு அது போதும்.

அந்தக் கம்பெனி ஒரு பெரிய வட மாகாணம் முழுவதற்கும் தொலைபேசி, இன்டர்நெட், கேபிள் டிவி கொடுத்துவந்தது. கண்காணிப்பு வேலையை மலிவாக முடிக்க ஹைதராபாத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அங்கே ஒரு லைன் செத்தால் இங்கே எங்கள் திரையில் சிவப்பு விழும். நாங்கள் அங்குள்ள லைன்மேனுக்குத் தகவல் கொடுப்போம். இந்த மூன்று சேவைகளும் உலகத்தில் எல்லா இடத்திலும் இருப்பவைதான். நான்காவதாக ஒன்று இருந்தது. அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள்.

அது கம்பி ரேடியோ. அந்த ஊர்களில் பழைய வீடுகளின் அடுக்களைச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் ஒரே ஒரு திருகுதான். சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வேறு நிலையம் வைக்க முடியாது. வானத்திலிருந்து எதையும் பிடிப்பதில்லை, போன் மாதிரி கம்பியில் வருகிறது. பெட்டி பேசுவதற்கு வேண்டிய சக்தியும் அதே கம்பியில் வந்துவிடுவதால் வீட்டில் கரண்ட் போனாலும் பேசும். செய்தி, பாட்டு, வானிலை என்று நாள் முழுக்க ஓடும். வெள்ளமோ தீயோ வந்தால் பாட்டை நிறுத்திவிட்டு மாகாண நிர்வாகத்தின் குரல் அதில் வரும். வீட்டுக்காரர்கள் அதை நாற்காலி, மேசை மாதிரி ஒரு சாமானாகத்தான் நினைத்தார்கள். யாரும் அதற்குப் புகார் எழுதுவதில்லை, யாரும் அதைப் புகழ்வதுமில்லை.

எங்கள் ஆபரேஷன்ஸ் தலைவியாக அங்கிருந்து வந்தவர் கலீனா பெத்ரோவ்னா. ஐம்பது வயதைத் தாண்டியவர். பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவதுதான் அவர்களுக்கு மரியாதை. 'கலீனா மேடம்' என்று கூப்பிட்டவர்களிடம் அவர் ஒரு மாதம் திரும்பியே பார்க்கவில்லை. என் இனிஷியல் அப்பா பெயர் என்று தெரிந்ததும் எனக்கு 'சங்கரன் வெங்கடேசொவிச்' என்று நாமகரணம் செய்துவிட்டார். வீட்டில் சொன்னபோது என் மனைவி இரண்டு நாள் சிரித்தாள்.

ஷிஃப்ட் மாறும்போது கலீனா பெத்ரோவ்னாவின் அறையில் ஒருவரும் உட்காரக் கூடாது. போகிறவர் ஒவ்வொரு ஊரின் பெயரையும் அதிலுள்ள ஒவ்வொரு சேவையையும் வாய்விட்டுப் படிப்பார், வருகிறவர் அதைத் திருப்பிச் சொல்வார். அவர் பென்சிலோடு கேட்டுக்கொண்டிருப்பார். யாராவது 'சரியா இருக்கும்னு நினைக்கிறேன்' என்று சொல்லிவிட்டால் பென்சிலை மேசையில் வைத்துவிடுவார். குரலை உயர்த்த மாட்டார். நினைக்கிறவர் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை அத்தனை பேரும் நின்றுகொண்டிருப்போம். கேப் காத்திருக்கும், கீழே டிரைவர் ஹாரன் அடிப்பார். அதெல்லாம் அவர் காதில் விழாது.

கம்பி ரேடியோவுக்கு மட்டும் அவர் திரையை நம்பியதில்லை. காரணத்தை முதல் நாளே சொன்னார். "சங்கரன் வெங்கடேசொவிச், மற்ற மூன்றிலும் வீட்டிலிருந்து ஏதாவது நமக்குத் திரும்பி வரும். இதில் வராது. நாம் பேசுகிறோம், அவ்வளவுதான். கேட்கிறார்களா என்று தெரிய வேண்டுமானால் அவர்களைத்தான் கேட்க வேண்டும்." எனக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஒலிபரப்பில் ஊறிய எவனுக்கும் தெரிந்த விஷயம் அது. பேசுகிறவனுக்குக் கேட்கிறவன் தெரிய மாட்டான்.

அதனால் வியாழக்கிழமைகளில் 'மூன்று வீடு' என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வோர் ஊரிலும் மூன்று வீடுகளை அவரே பென்சிலால் குறித்துக் கொடுப்பார். இங்கிருந்து போன் போட்டு மூன்று கேள்வி கேட்க வேண்டும். ரேடியோ பேசுகிறதா? இப்போது என்ன சொல்கிறது? எனக்குக் கேட்கும்படி ரிசீவரை அதன் பக்கத்தில் பிடிக்க முடியுமா?

அந்தப் போன் வேலையைச் செய்தவள் ஷமீமா. ஆம்பூரிலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக ஹைதராபாத்தில் இருக்கிற குடும்பம். இங்கேயே யுனிவர்சிட்டியில் ரஷ்யன் எம்.ஏ. படித்தவள். அவள் ஸ்பீக்கரில் போட்டால் எங்கேயோ பனிக்குள் இருக்கிற ஓர் அடுக்களையின் சத்தம் கச்சிபௌலியில் எங்கள் ஏ.சி. அறைக்குள் வரும். பாத்திரம் உருளும், யாரோ இருமுவார்கள், பின்னால் ரேடியோ பேசிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். என் சர்வீஸ் முழுக்க நான் செய்த கருவிகள் எங்கே போய்ப் பேசுகின்றன என்று பார்த்ததே இல்லை.

ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் நிக்கொலாய் ஸ்தெப்பானோவிச் என்று ஒருவர் இருந்தார். ஊருக்கு வெந்நீர் அனுப்பும் கொதிகலனைப் பார்த்துக்கொள்கிறவர். மனைவி இறந்துவிட்டாள், தனியாக இருந்தார். ஷமீமாவிடம் ஒவ்வொரு முறையும் ஹைதராபாத்தில் எத்தனை டிகிரி என்று கேட்பார். மே மாதத்தில் நாற்பத்திரண்டு என்று அவள் சொன்னால், பொய் சொல்லாதே என்பார். "ரேடியோவைக் கேட்கிறீங்களான்னு கேட்டா சார், கேக்கிறதே இல்லேங்கறார்" என்று அவள் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஆனா நின்னுபோனா முழிப்பு வந்துருமாம்."

கம்பெனியின் உரிமை பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் சேர்ந்தபோது, யாருக்கு யார் சொந்தம் என்ற படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார்கள். மேலே மாகாண அரசும் ஒரு வங்கியும், கீழே கம்பெனி, அதற்குக் கீழே நாங்கள். இரண்டு வருடம் கழித்து வங்கி போய் ஓர் எண்ணெய்க் கம்பெனி வந்தது. பிறகு மாகாண அரசு தன் பங்கை விற்றுவிட்டது. அடுத்து வந்த பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. ஒவ்வொரு முறையும் கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டின் பட்டை நிறம் மாறும், ஆளுக்கு ஒரு காபி மக் கொடுப்பார்கள், ஸ்வீட் பாக்ஸ் வரும். கடைசி முறை சட்டத்தையே கழற்றிவிட்டு அங்கே ஒரு செடியின் படத்தை மாட்டினார்கள். எச்.ஆரில் கேட்டேன். "அது ஒரு ஹோல்டிங் சார், அதுக்கு மேல இன்னொரு ஹோல்டிங்" என்றார்கள். அதற்கு மேலே என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு இடத்துக்கு வந்தேன்.

அந்தக் கடைசிக் கைமாற்றத்தில்தான் கலீனா பெத்ரோவ்னாவைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். போகிற அன்று ஷிஃப்ட் மாற்றத்தை நடத்தி முடித்து, குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எல்லோருக்கும் கை கொடுத்தார். என்னிடம், "வியாழக்கிழமையை விட்டுவிடாதீர்கள்" என்றார். விட மாட்டேன் என்றேன்.

அவர் இடத்துக்கு அபிஷேக் என்று ஒரு வைஸ் பிரசிடென்ட் வந்தார். முப்பத்தைந்து வயது, நல்ல பேச்சு. எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், தோளில் கை போடுவார், எல்லோரையும் உட்காரச் சொல்வார். ஷிஃப்ட் மாற்றத்தில் படிப்பதை நிறுத்தினார். இவ்வளவு பெரிய டாஷ்போர்டு இருக்கும்போது கிண்டர்கார்டன் மாதிரி ரைம்ஸ் எதற்கு என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கால்வலி உள்ளவன் நான், நானும் சந்தோஷப்பட்டேன்.

பிறகு 'ஜீரோ லிஸ்ட்' வந்தது. ஒரு லைனில் முப்பது நாள் எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் அதை மூடிவிடுவது. அந்தப் பட்டியலைத் தயாரித்த பிள்ளைகள் எல்லோரும் இன்டர்நெட் படித்தவர்கள், கெட்டிக்காரர்கள். வீட்டிலிருந்து திரும்பி வருவதைத்தான் அவர்கள் பயன்பாடு என்று எண்ணினார்கள். இன்டர்நெட்டுக்கு அது சரி, டெலிபோனுக்கும் சரி. கம்பி ரேடியோவில் எந்தக் காலத்திலும் எதுவும் திரும்பி வராது. ஆகவே அந்த மாகாணத்திலுள்ள கம்பி ரேடியோ அத்தனையும், ஒன்று பாக்கியில்லாமல், பட்டியலில் பூஜ்யமாக விழுந்திருந்தது.

பட்டியலைத் திறந்த ஐந்தாவது நிமிடத்தில் எனக்கு அது புரிந்துவிட்டது. அந்த அறையில் அது புரியக்கூடிய இரண்டே பேரில் நான் ஒருவன். இன்னொருத்தி ஷமீமா. என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கைக்கு சார், ஏன் சார் இதை கட் பண்றாங்க? உங்களுக்குத் தெரியும்ல, இதுல எதுவும் ரிட்டர்ன் வராதுன்னு?"

"தெரியும்மா."

"அப்ப சொல்லுங்க சார் அபிஷேக் சார்கிட்ட."

"சொல்லுதேன். நீ ஒரு மெயில் எழுதி எனக்கு அனுப்பு. நான் மேல அனுப்புதேன்."

அன்று சாயங்காலமே எழுதி அனுப்பினாள். ஒரு பக்கம். திரும்பி வராத சேவையை இப்படி அளக்க முடியாது என்று முதல் பத்தியில் இருந்தது. கீழே, கடந்த வியாழக்கிழமை பேசிய வீடுகள், எடுத்தவர்களின் பெயர், அந்த நேரத்தில் ரேடியோ என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்ற விவரம். எந்த ஊர் ஆற்றங்கரையில் இருக்கிறது, எங்கே செல்போன் டவர் அடிக்கடி படுத்துவிடும் என்றும் எழுதியிருந்தாள். இரண்டு முறை படித்தேன். நான் எழுதியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்க மாட்டேன்.

அதை நான் மேலே அனுப்பவில்லை.

மனைவிக்கு உடம்பு சரியில்லை, மகளுக்குக் கல்யாணம் என்று எழுதினால் படிக்கிறவர்கள் மன்னித்துவிடுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. எனக்கு அறுபது ஆகப்போகிறது, ஒரு வருடம் எக்ஸ்டென்ஷன் கேட்டிருந்தேன். அந்தத் தாள் அபிஷேக் மேசையில் இருந்தது. வீட்டில் சும்மா உட்காருவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது. காலையில் கேப் வராத ஒரு நாளை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. காரணம் இவ்வளவுதான்.

மூடுவதற்கான படிவத்தில் தொழில்நுட்ப ஒப்புதல் என்று ஒரு கட்டம் இருந்தது. அபிஷேக் படிவத்தைக் கொண்டுவந்து என் தோளில் கை வைத்து, "சங்கரன்ஜி, நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட். உங்க பேரு இருந்தா மாஸ்கோல கேள்வியே வராது" என்று ஹிந்தியில் சொன்னார். மாகாண நிர்வாகத்துக்கு ஒரு தகவல் போய்விட்டது, வெப்சைட்டிலும் போட்டாயிற்று என்றும் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் எக்ஸ்டென்ஷன் வந்தது.

ஷமீமா நாலு நாள் பொறுத்துவிட்டு, என்னைக் கேட்காமல் அதே மெயிலை நேராக அபிஷேக்குக்கு அனுப்பினாள். அவர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். அவள் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிற பெண் என்று சொன்னேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் சொன்னது அதுதான். ரேடியோ இல்லாதபோது போன் செய்ய ஆள் எதற்கு என்று அவள் வேலையையே எடுத்துவிட்டார்கள். போகும்போது என் மேசைக்கு வந்தாள். "நீங்க மேல அனுப்பவே இல்லதானே சார்?" என்றாள். அனுப்பினேன்மா, அவங்க கேக்கலை என்றேன். "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வசந்தத்தில் அந்த ஆற்றில் பனிக்கட்டி உடைந்தது. வருடாவருடம் உடைவதுதான். அந்த வருடம் வளைவில் கட்டிகள் சிக்கி அணை மாதிரி நின்றுவிட்டன, தண்ணீர் பின்னால் ஏறியது. விடிவதற்குள் ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. நிர்வாகம் அறிவிப்பு கொடுத்தது. டவருக்குக் கரண்ட் இல்லை, செல்போன் வேலை செய்யவில்லை. அடுக்களைப் பெட்டிகளுக்கு முந்தைய இலையுதிர் காலத்திலிருந்தே கம்பியில் எதுவும் போகவில்லை. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொண்டு மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த நிக்கொலாய் ஸ்தெப்பானோவிச் மட்டும் போகவில்லை. அவர் வீடு கரையோரக் கடைசி வீடு. தண்ணீர் வடிந்த பிறகுதான் அவர் உடலை எடுத்தார்கள்.

எங்கள் டாஷ்போர்டில் அன்று காலை அந்த ஊருக்கு நேரே டவரும் இன்டர்நெட்டும் சிவப்பாக இருந்தன. அவற்றைச் சரிசெய்ய ஆள் போனது. ரேடியோவுக்குச் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. பட்டியலிலேயே இல்லாத சேவை எப்படிப் பழுதாகும்? சம்பவ அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. 'எச்சரிக்கை ஒலிபரப்பு: பாதிப்பு இல்லை' என்று எழுதினேன். எழுதியது விதிப்படி முழுக்கச் சரி. கலீனா பெத்ரோவ்னா இருந்தால் பென்சிலைக் கீழே வைத்திருப்பார்.

என் எக்ஸ்டென்ஷன் முடிய ஒரு மாதம் இருந்தபோது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரவேற்பறையிலிருந்து ஒரு போனை எனக்குத் தள்ளினார்கள். ரஷ்யாவிலிருந்து ஒரு பெண், உங்கள் பெயரைச் சொல்கிறார், வேறெதுவும் புரியவில்லை என்றார்கள். ஷமீமா போன பிறகு அந்த அலுவலகத்தில் ரஷ்யன் தெரிந்த ஆள் கிடையாது. எனக்குத் தெரிந்த வார்த்தைகளை வைத்து அரை மணி நேரம் பொறுங்கள் என்று சொல்லி, நம்பரை வாங்கிக்கொண்டேன்.

ஷமீமா அப்போது அமீர்பேட்டில் ஒரு கோச்சிங் சென்டரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்ட பிறகு பேசுகிறேன். விஷயத்தைச் சொன்னேன். பின்னால் மெட்ரோ ஸ்டேஷன் இரைச்சல் கேட்டது.

"உங்களுக்காக நக்கோ சார். அந்தப் பொண்ணுக்காகப் பண்றேன். கனெக்ட் பண்ணுங்க."

மூன்று பேரும் லைனில் வந்தோம். அந்தப் பெண்ணின் பெயர் லுத்மிலா, நிக்கொலாய் ஸ்தெப்பானோவிச்சின் மகள். வேறு நகரத்தில் நர்ஸாக இருக்கிறாராம். அழவில்லை. எழுதி வைத்துப் படிப்பவர் மாதிரி நிதானமாகப் பேசினார். ஷமீமா வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"வழக்குப் போடணுமாம் சார். கம்பெனி ஓனர் யாருன்னு கேட்டு எழுதினாங்களாம். ஒரு கம்பெனி பேர் வந்துச்சாம். அதுக்கு எழுதினா இன்னொரு கம்பெனி. அதுக்கு எழுதினா ஏதோ ஒரு தீவுல தபால் பெட்டி நம்பர். ஏழு மாசமா எழுதறாங்களாம். எல்லாக் காகிதத்துலயும் மனுஷன் பேர்னு ஒண்ணே ஒண்ணுதான் இருக்காம். அது உங்க பேர் சார்."

ஓனர் யாரென்று எனக்கும் தெரியாது என்றேன். அது உண்மை. ஷமீமா அதைச் சொன்னாள். அந்தப் பக்கம் பேனா காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது.

மூடுவதை மக்களுக்குச் சொன்னீர்களா என்று கேட்டார். வெப்சைட்டில் போட்டிருந்தது என்றேன். தன் அப்பா வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை என்று பதில் வந்தது.

பிறகு அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டார். சின்னக் கேள்விதான்.  ஷமீமா அதைத் தமிழில் சொன்னாள்.

"கையெழுத்துப் போடறப்போ அந்த வீட்ல ஒருத்தர் அந்த ரேடியோவை வச்சிருந்தார்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறாங்க சார்."

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த இரண்டு பேரும் அந்த லைனில் இருந்தோம். அவள் எழுதிய மெயிலில் அவர் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, அந்த வியாழக்கிழமை அவர் அடுக்களையில் ரேடியோ வானிலை படித்துக்கொண்டிருந்தது என்பதும் இருந்தது. அந்த மெயில் அப்போதும் என் கம்ப்யூட்டரில் இருந்தது.

"தெரியாதுன்னு சொல்லும்மா" என்றேன்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். போனை வைத்திருக்கலாம். உண்மையை ரஷ்யனில் சொல்லியிருந்தால் நான் தடுத்திருக்க முடியாது. அதைத்தான் சொல்லப்போகிறாள் என்று காத்துக்கொண்டிருந்தேன், சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவள் நான் சொன்னதை அப்படியே சொன்னாள். அந்த அளவுக்கு ரஷ்யன் எனக்குத் தெரியும்.

 லுத்மிலா இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஷமீமா இன்னும் லைனில் இருந்தாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

"நம்பறாங்களாம் சார். தெரிஞ்ச மனுஷனா இருந்தா திரும்பப் போன் பண்ணியிருக்க மாட்டார்னு சொன்னாங்க. உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."